சிவப்புத் தலை போல்ட்டு

செப்டம்பர் மாதம் மூன்றாவது சனிக்கிழமை மலையடி ஊரான கலோஃபெரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. இரும்புக் கடையும் திறப்பதில்லை, முடிதிருத்தும் கடையும் திறப்பதில்லை. சாகக் கிடக்கிறவர்கள்கூட ஞாயிறு வரை பொறுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. வீட்டுக்கு வீடு முற்றத்தில் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, தக்காளியோடு பெரிய அண்டாவில் போட்டுக் கிண்டோ கிண்டென்று கிண்டி லுத்தெனித்சா விழுது செய்கிற நாள் அது. பனி விழுந்து கிடக்கும் மாதங்களில் ரொட்டிக்கு அதுதான் துணை. அன்றைக்கு வீட்டில் இல்லாத மருமகளைப் பற்றிப் பேச ஊருக்கு அடுத்த செப்டம்பர் வரை நேரம் இருக்கிறது.

மிக்லேனாவைப் பற்றி ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

போன வருஷம் இதே நாளில் அவள் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். பத்து மணிக்கு வந்துவிடுகிறேன் என்றாள். டயரில் ஒரு முள் ஏறியது, பிறகு இன்னொரு முள். வந்து சேர்ந்தபோது மதியம் இரண்டரை. அதற்குள் மாமியார் சோன்கா ஒற்றை ஆளாக அண்டாவையும் கிண்டி, மிக்லேனாவின் இரட்டைப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களில் பெண் யானா வேலியில் ஏறினாள், அவளை இறக்கப் போனாள் சோன்கா, அந்த ஐந்து நிமிஷத்தில் விழுது அடிபிடித்துவிட்டது. எழுபது பாட்டில். ஒவ்வொன்றிலும் தீய்ந்த வாசனை.  குளிர்காலம் முழுவதும் சோன்கா தினமும் ஒரு பாட்டிலைத் திறந்து, மிக்லேனாவின் தட்டுக்கு நேர் எதிரே வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டு நிலவரம் இதுதான். கீழ் மாடியில் சோன்கா, மேல் மாடியில் மகன் ஒக்னியன், மருமகள் மிக்லேனா, ஆறு வயது இரட்டையர் காலினும் யானாவும். ஒக்னியன் ப்ளோவ்திவ் நகரத்துக்குப் போகும் பஸ் ஓட்டுகிறான், சனிக்கிழமை அவனுக்கு இரட்டை ஷிஃப்ட். மிக்லேனா திங்கள் முதல் வெள்ளி வரை மருந்துக் கடையில் நிற்கிறாள். சனிக்கிழமை காலை மட்டும் அவளுடையது. பிள்ளைகளைக் கீழே மாமியாரிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவாள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடுவாள். மூன்று வருஷமாக இப்படி. அந்த நாலைந்து மணி நேரம் இல்லாத வாரம் மருந்துக் கடையில் யார் இருமினாலும் அவளுக்குக் கோபம் வந்தது. சோன்கா பிள்ளைகளைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் மலை முடிந்தது, அவ்வளவுதான்.

அதைத்தான் சொல்லியும்விட்டாள், செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு அரைக்க ஆரம்பிப்போம். பதினொரு மணிக்கு அண்டா அடுப்புல ஏறும். நாலு மணிக்குள்ள அண்டாவைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாகணும், அது மூணு வீட்டுக்குப் பொது. பதினொரு மணிக்கு நீ அண்டா பக்கத்துல நிக்கணும்."

"நின்னுடுவேன்மா."

"நிக்கலைன்னா இனிமே சனிக்கிழமை உன் புள்ளைங்கள நீயே பாத்துக்க. நான் பாக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

ஒக்னியன் ரொட்டியை மென்றுகொண்டே சுவரைப் பார்த்தான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அகப்பட்ட எல்லா ஆண்களும் பார்க்கிற அதே சுவர்.

"அந்த ஒரு நாளு போகாம இருந்தா என்ன?" என்று மாடிப்படியில் ஏறும்போது மெல்லக் கேட்டான்.

"போன வாரம் மழை. அதுக்கு முந்தின வாரம் ரெண்டுக்கும் ஜுரம். அதுக்கும் முந்தி உன் சித்தப்பா மக கல்யாணம். அடுத்த வாரத்துலேருந்து மரம் வெட்டறாங்கன்னு காட்டு ரோட்ட மூடறாங்க. எனக்கு இந்த ஒரு சனிக்கிழமைதான்பா இருக்கு."

"சரி சரி. பதினோரு மணி, அவ்வளவுதானே. எட்டு மணி நேரம் பஸ் ஓட்டறேன், ஒரு நாளும் லேட்டானதில்ல. நீயும் ஆகாத."

"உன் பஸ்ஸுக்கு முள்ளு ஏறாது."

ஆகவே அந்த வாரம் மிக்லேனா காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். புதன்கிழமை சந்தையிலிருந்து நாலு மூட்டை குடைமிளகாய் தூக்கி வந்தாள். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து நூற்றிருபது கண்ணாடி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். விறகை உடைத்துச் சுவரோரம் அடுக்கினாள். தக்காளியைக் கூடைகளில் போட்டு நிழலில் வைத்தாள். யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். இவ்வளவுக்கும் நடுவில் சைக்கிளையும் பார்த்தாள். ஆசனத்தைத் தாங்கும் கம்பியை இறுக்கிப் பிடிக்கிற போல்ட்டின் மறை தேய்ந்து போயிருந்தது. இறுக்கினால் சுற்றிக்கொண்டே இருந்தது.

கராஜில் பழைய காப்பித் தூள் டப்பா ஒன்று உண்டு. உதிரி ஆணி, திருகு, நட்டு எல்லாம் அதில்தான். கையை விட்டுத் துழாவினாள். அளவெடுத்துச் செய்த மாதிரி ஒரு போல்ட்டு கிடைத்தது. தலையில் சிவப்பு பெயிண்டு வேறு. அவள் சைக்கிளும் சிவப்பு. போட்டு இறுக்கினாள், கல் மாதிரி நின்றது. பார்க்கவும் அழகாக இருந்தது. தேடியது கிடைத்துவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்று யார் யோசிக்கிறார்கள்?

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகப் பிள்ளைகளைக் கீழே கொண்டுவிட்டாள். சோன்கா ஏற்கெனவே முற்றத்தில் மிளகாய் சுடும் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். சோன்காவின் மூத்த மகள் ஸ்தான்காவும் கீழ்த்தெருவிலிருந்து வந்து முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், வந்தாலும் கையை விட வாயைத்தான் அதிகம் வேலை வாங்குகிறவள்.

"கெளம்பியாச்சா ராணி?" என்றாள் ஸ்தான்கா. "நாங்க பாத்துக்கறோம், நீ போய் மலையெல்லாம் அதே எடத்துல இருக்கான்னு பாத்துட்டு வா."

"பத்தரைக்கு வந்துடுவேன்க்கா."

சோன்கா தலையைத் திருப்பவில்லை. "பதினொண்ணு," என்றாள் நெருப்பிடம்.

மலையடிவாரத்தில் வெசெலா காத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், மிக்லேனாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இருவரும் பேசாமல் ஏறினார்கள். ஏற்றத்தில் பேச மூச்சு இருக்காது. உயர்ந்த காட்டு மரங்களுக்குள் வெளிச்சம் மெதுவாக இறங்கியது. இரண்டரை மணி நேரம். மரங்கள் முடிந்து புல்வெளி வந்ததும் கீழே ஊர் தெரிந்தது. ஒவ்வொரு முற்றத்திலிருந்தும் ஒரு புகை. எது தன் வீட்டுப் புகை என்று மிக்லேனா தேடிப் பார்த்தாள், கண்டுபிடிக்க முடியவில்லை. மருந்துச் சீட்டு, பாட்டில் மூடி, ஜுரம், பதினொரு மணி எல்லாமே அந்தப் புகைக்குக் கீழே இருந்தன. அவள் மனசு ஒரு மாதத்துக்குப் பிறகு லேசாக இருந்தது.

மலைக் குடிசை வாசலில் உட்கார்ந்து மூலிகைத் தேநீர் குடித்தார்கள். வெசெலா பையிலிருந்து பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா அடையை எடுத்துப் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். மணி எட்டரை. பொழுது நிறைய இருந்தது. காட்டு ரோடு வழியாக இறங்கினால் இரண்டு மணி நேரம், பத்தரைக்கு வீடு.

"ஏன்டி, இது புதுசா இருக்கே," என்றாள் வெசெலா, சைக்கிளைக் குனிந்து பார்த்து. "சிவப்புல போல்ட்டு கூட விக்கறாங்களா? எங்க வாங்கின?"

"வாங்கல. கராஜ் டப்பாவுல கெடந்தது. தலையில யாரோ பெயிண்டு..."

சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். 

ஒக்னியனின் அப்பா சாவதற்கு முன்னால் வீட்டுக்கு ஓர் அரைக்கிற எந்திரம் செய்து வைத்துவிட்டுப் போனார். பழைய வாஷிங் மெஷினின் மோட்டார், அதற்கு ஒரு பெல்ட்டு, பெரிய கறி அரைக்கும் கிண்ணம். மோட்டார் சக்கரத்தைத் தண்டோடு பிடித்து வைப்பது ஒரே ஒரு போல்ட்டு. அது இல்லாவிட்டால் சக்கரம் சும்மா சுற்றும், கிண்ணம் அசையாது. வருஷா வருஷம் எந்திரத்தைக் கழுவி வைக்கும்போது அந்த போல்ட்டைக் கழற்றி டப்பாவில் போடுவார்கள். வேறெதற்கும் யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அவர் அதன் தலைக்குச் சிவப்பு பெயிண்டு அடித்து வைத்தார். இந்தக் கதையை ஒக்னியன் இரண்டாவது கோப்பை ரக்கியாச் சாராயம் உள்ளே போனதும் ஒவ்வொரு முறையும் சொல்வான். ஒன்பது வருஷமாகச் சொல்கிறான். ஒன்பது வருஷமாக அவளும் "ம்" கொட்டியிருக்கிறாள். ஆனால் எந்திரத்தைப் பூட்டும்போது அவள் ஒரு தடவைகூடக் கூட இருந்ததில்லை. எப்போதும் அது ஓட ஆரம்பித்த பிறகுதான் வந்து சேர்ந்திருக்கிறாள்.

"வெசெலா," என்றாள். "நான் செத்தேன்."

விஷயத்தைக் கேட்டு வெசெலா முதலில் சிரித்தாள். மிக்லேனாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"வேற போல்ட்டு கடையில வாங்கிக்க மாட்டாங்களா?"

"இன்னிக்கு எந்தக் கடைடி தெறந்திருக்கு? எண்பது கிலோ மிளகா உரிச்சு வச்சிருப்பாங்க. பத்து மணிக்கு அந்த டப்பாவத் தொறப்பாங்க. நாலு மணிக்கு அண்டாவக் குடுக்கணும். போன வருஷம் தீய வச்சேன், இந்த வருஷம் அரைக்கவே விடல. எங்க மாமியா என்னை மேல் மாடியிலேருந்தே எறக்கி விட்டுடுவாங்க."

"போன் பண்ணு."

குடிசையில் சிக்னல் கிடையாது. அதற்காகத்தானே அங்கே வருவது. இப்போது கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்வெளி முழுக்க நடந்தாள். ஒரு கோடுகூட விழவில்லை. 

காட்டு ரோடு இரண்டு மணி நேரம். இன்னொரு வழி இருக்கிறது, ஆட்டுப் பாதை. முக்கால் மணி நேரத்தில் ஊர் எல்லை. இடையர்கள் ஆடு ஓட்டிய வழி, இப்போது இளவட்டங்கள் சைக்கிளில் பாய்கிற வழி, கல்லும் வேரும் செங்குத்துமாக. போன வருஷம் மே மாதம் அதில்தான் மிக்லேனா விழுந்தாள். யானைக் குட்டி படுத்திருக்கிற மாதிரி ஒரு வழுக்குப் பாறை. அதன் தலையில் பயந்துபோய் முன் பிரேக்கைப் பிடித்தாள், சைக்கிள் அவளைத் தூக்கிக் கீழே போட்டது. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் சமையல், துணி, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது எல்லாம் சோன்காதான், அவள் தலையை வாரிவிட்டதும் சோன்காதான். அதற்குப் பிறகு மிக்லேனா ஆட்டுப் பாதை தொடங்கும் இடத்தைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் காட்டு ரோட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

"நான் அதுல எறங்கறேன்," என்றாள்.

"பைத்தியமா உனக்கு? ஒரு போல்ட்டுக்காகவா?"

"போல்ட்டுக்கு இல்லடி. சனிக்கிழமைக்கு."

 வெசெலா தலைக்கவசத்தை எடுத்து மாட்டினாள். "சரி, நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வரேன். விழுந்தேன்னா பொறுக்கிட்டு வர ஒரு ஆள் வேணுமில்ல."

குலுக்கலில் போல்ட்டு கழன்று எங்காவது விழுந்துவிட்டால்? அந்த நினைப்பே அவளை உலுக்கியது. அங்கேயே அதைக் கழற்றி, சட்டையின் உள்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிடிமானம் போனதும் ஆசனம் சர்ரென்று அடிவரை இறங்கிக்கொண்டது. இறக்கத்தில் ஆசனத்தில் யார் உட்காரப்போகிறார்கள்? மிதியில் நின்றுகொண்டுதான் இறங்க வேண்டும்.

மேல் பாதி எப்படிப் போனது என்று அவளுக்குப் பிறகு ஞாபகமில்லை. பற்கள் ஒன்றோடொன்று மோதின. வேர்கள் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்தன. பின்னால் வெசெலா, "கண்ண தூக்கி தூரமா பாரு! டயரப் பாக்காத!" என்று கத்திக்கொண்டே வந்தாள், பள்ளிக்கூட மைதானத்தில் கத்துகிற அதே குரலில். பிறகு மரங்கள் விலகின. அந்தப் பாறை வந்தது.

மிக்லேனா நிறுத்தினாள். ஒரு காலை ஊன்றி நின்றாள். கை தானாக மணிக்கட்டைத் தடவியது. பயமென்றால் சாதாரணப் பயமில்லை. விழுந்தால் மறுபடியும் ஆறு வாரம். மறுபடியும் மாமியார் கையால் தலைவாரிக்கொள்ள வேண்டும், அதுவும் இந்த முறை அவள் வாரிவிடுவாளா என்பதே சந்தேகம். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்து இறங்கலாம், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மணி பார்த்தாள். ஒன்பது பத்து.

நடந்தாலும் நேரத்துக்குப் போய்விடலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துமே இரண்டு மிதியிலும் காலை வைத்தாள். அதை மட்டும் அவள் பிறகு வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த முறை பாறைத் தலையில் விரல்கள் பிரேக்கின் மேல் சும்மா கிடந்தன. உடம்பைப் பின்னுக்குத் தள்ளினாள். முன் சக்கரம் விழுந்தது, வயிறு ஒரு விநாடி அவளை விட்டு வேறெங்கோ போய்விட்டு வந்தது, பிறகு கீழே மெத்தென்று மண். சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதன் மேலேயே இருந்தாள். "ஹேய்!" என்று யாரோ கத்தினார்கள், கத்தியது தான்தான் என்று தெரிய அவளுக்கு நேரம் பிடித்தது. ஒன்றரை வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போய்விட்டது.

சந்தோஷம் ஊர் எல்லை வரைதான். தார் ரோட்டில் மிதிக்க வேண்டும், ஆசனமோ பாதாளத்தில். உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடித்தது, நின்றால் தொடை எரிந்தது. வாசலில் கூட்டமாக உட்கார்ந்து மிளகாய் உரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிட நல்ல வேடிக்கை வேறென்ன வேண்டும்?

"மிக்லேனா! சைக்கிள் தண்ணில நனைஞ்சு சுருங்கிப் போச்சா?"

"புள்ளையோட சைக்கிள எடுத்துட்டு வந்துட்டியா?"

"வேகமா மிதிம்மா, சோன்கா கரண்டியோட நிக்கறா!"

வெசெலா தன் தெருமுனையில் கையசைத்துப் பிரிந்தாள். மிக்லேனா பதில் அசைக்கவில்லை, இரண்டு கையும் கைப்பிடியில் இறுகியிருந்தன.

வீட்டு வாசலுக்கு வந்தபோது பத்தாக ஏழு நிமிஷம். வாயிற்கதவில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கடகடவென்று அந்த எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

முற்றத்தில் சிவப்பு விழுது கிண்ணத்திலிருந்து வாளிக்குள் கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தது. சோன்கா உரித்த மிளகாயை மேலேயிருந்து திணித்துக்கொண்டிருந்தாள். இரட்டையர் இருவருக்கும் நெற்றியிலிருந்து முழங்கால் வரை மிளகாய். ஸ்தான்கா தலையைத் தூக்கினாள்.

"அடேயப்பா! பதினொரு மணிக்கு முன்னாடியே வந்துட்டாளே! யாராவது ஒரு போட்டோ எடுங்க, நாளைக்கு யாரும் நம்ப மாட்டாங்க."

மிக்லேனாவுக்கு அது காதில் ஏறவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள், அது சரிந்து விழுந்தது. உள்பையிலிருந்து போல்ட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாமியார் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, இது... நான்தான் தெரியாம எடுத்துட்டேன். மேல போனப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு. நீங்க எப்படி ஓட்டறீங்க இத?"

சோன்கா எந்திரத்தை நிறுத்தினாள். கையை மேலாடையில் துடைத்துக்கொண்டு, மோட்டார் சக்கரத்தைக் காட்டினாள். அங்கே ஒரு புது போல்ட்டு இருந்தது. அதன் தலையும் சிவப்பு. யானாவின் விளையாட்டு நகப்பூச்சுச் சிவப்பு, இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை.

"நேத்துக் காலையில எந்திரத்தக் கழுவலாம்னு டப்பாவத் தொறந்தேன். காணோம். தலைகீழாக் கொட்டித் தேடறேன், காணோம். நிமிர்ந்து பாத்தா உன் சைக்கிள்ல, ஆசனத்துக்குக் கீழ, பொட்டு வச்ச மாதிரி மின்னுது."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? கழட்டிக் குடுத்துட்டு மலைக்குப் போகாம இருப்ப. அப்பறம் ஒரு வாரம் புளிச்ச தயிர் மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுல சுத்துவ. அத யார் பாக்கறது?"

"நீங்களே கழட்டியிருக்கலாமே."

"நானா? அந்தச் சைக்கிள்ல எத கழட்டினா எது விழும்னு எனக்கென்ன தெரியும்? நான் ஒண்ணத் திருகி வைக்க, நீ மலையிலேருந்து உருண்டு வர, அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? கடைக்குப் போனேன், ரெண்டு வாங்கினேன், வேல முடிஞ்சுது."

போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, மிக்லேனாவுக்கு அது கால் வழியாக வந்தது. கவிழ்த்து வைத்த தக்காளிக் கூடை மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

சோன்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். முட்டியில் சேறு, கன்னத்தில் ஒரு கீறல். மாதா கோயில் கடிகாரம் அப்போதுதான் பத்து அடித்தது.

"எட்டரைக்குக் குடிசையில இருந்திருப்ப. காட்டு ரோடுன்னா ரெண்டு மணி நேரம் ஆகுமே." குரல் மாறிவிட்டது. "எந்த வழியா எறங்கின?"

பொய் சொல்லலாமா என்று மிக்லேனா யோசித்தாள். வாய் வரவில்லை. "ஆட்டுப் பாதை."

சோன்கா கையிலிருந்த மிளகாயை வாளியில் போட்டாள், அது வெளியே விழுந்தது. அவள் குறி தவறியதை மிக்லேனா பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் பார்த்திராதது.

"அறிவிருக்கா உனக்கு? நான் பதினொரு மணின்னு சொன்னது எதுக்கு? குடிசையோட திரும்பிடுவ, அதுக்கும் மேல ஏற மாட்ட, வெயிலுக்கு முன்னாடி ரோட்டு வழியா பத்திரமா வந்து சேருவன்னு சொன்னேன். கழுத்த முறிச்சுக்கச் சொன்னேனா? ஆறு வாரம் கையத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தியே, ஒனக்கு வலி கையில மட்டும்தான். எனக்கு எங்கெல்லாம் வலிச்சுதுன்னு கேட்டியா? இந்த மிளகா இல்லைன்னா செத்தா போயிடுவோம்? தீஞ்சதையே ஒரு வருஷம் தின்னோமே!"

"அத நீங்க தினம் என் முன்னாடி வச்சீங்களேம்மா."

"வச்சேன்! பின்ன எழுபது பாட்டில யார் காலி பண்றது?"

ஸ்தான்கா வாயைத் திறந்தாள். சோன்கா ஒரு பார்வை பார்த்தாள். ஸ்தான்கா வாயை மூடி மிளகாயை உரித்தாள். அந்த வீட்டில் அது அபூர்வக் காட்சி.

"அப்ப, வரலைன்னா புள்ளைங்கள பாத்துக்க மாட்டேன்னு சொன்னது?" என்று மிக்லேனா மெல்லக் கேட்டாள்.

"சொன்னேன்." சோன்கா இன்னொரு மிளகாயை எடுத்துத் தோலை உரித்தாள், அது ஏற்கெனவே உரித்தது. "இதுங்க ரெண்டும் இல்லாம சனிக்கிழமை நான் என்ன பண்ணுவேன்? சுவத்தயா பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்? அவரு போனப்பறம் சனிக்கிழமைதான் எனக்கு வீடு மாதிரி இருக்கு. செவ்வாக்கிழமை சொல்லிட்டேனே ஒழிய, நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல. நீ எங்கியாவது நெஜம்னு எடுத்துக்கிட்டு, வேற ஆளப் பாத்துடுவியோன்னு."

மிக்லேனாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய், மிளகாய்ச் சாறும் புகையுமாக இருந்த அந்தக் கிழவியைக் கட்டிக்கொண்டாள். சோன்கா விழுது படிந்த கைகளை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு, "சட்ட, சட்ட, கறை படியும்," என்றாள். ஆனால் நகரவில்லை. "அம்மா அழறாங்க!" என்று காலின் அறிவித்தான். "மிளகா கண்ணுல பட்டுடுச்சுடா," என்றாள் மிக்லேனா, அதுவும் பொய்யில்லை.

பதினொரு மணிக்கு அண்டா ஏறியது. நாலு மணி நேரம் மிக்லேனா அதன் பக்கத்தை விட்டு அசையவில்லை. மரத் துடுப்பை அடிவரை இறக்கி, ஓரம் சுற்றி, நடுவே இழுத்துக் கிண்டினாள். காலையில் எரிந்த தொடையும் இப்போது வலிக்கிற தோளும் சேர்ந்து உடம்பில் வலிக்காத இடமே இல்லை. ஆனாலும் அவள் முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குத் துடுப்பை இழுத்தபோது பின்னால் அண்டாவின் அடி பளிச்சென்று தெரிந்தது, விழுது உடனே மூடிக்கொள்ளவில்லை. பதம் வந்துவிட்டது. சோன்கா ரொட்டித் துண்டில் கொஞ்சம் தடவி வாயில் போட்டாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"தீயல," என்றாள். சோன்காவின் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

நூற்றுப் பதினான்கு பாட்டில் நிறைந்தது. கால் மணி நேரம் மிச்சம் வைத்து அண்டாவைக் கழுவிப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது சோன்கா சுவரோரம் குனிந்து, விழுந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். சிவப்புத் தலை போல்ட்டு அவள் கையில் இருந்தது.

"இது எங்க போகும்? காட்டு."

மிக்லேனா ஆசனத்தை உயர்த்திப் பிடித்தாள். சோன்கா போல்ட்டை நுழைத்து, விரலால் முடிந்தவரை திருகினாள்.

"இது உங்க எந்திரத்தோடதும்மா," என்றாள் மிக்லேனா. "அப்பா போட்ட பெயிண்டு."

"யாரும் எடுக்கக் கூடாதுன்னு அடிச்சாரு. வீட்டு ஆளு எடுத்தா அவருக்கென்ன கோவம்? இங்கயே இருக்கட்டும். உன்னப் பிடிச்சு வச்சிருக்கட்டும்." நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த சனிக்கிழமை எத்தன மணிக்குக் கெளம்பற?"

"ரோடு மூடறாங்களேம்மா."

"ஒரு ரோட்ட மூடினா மலையையே மூடிட்டாங்களா? வேற பக்கம் இல்லியா?"

"இருக்கு," என்றாள் மிக்லேனா. "ஆறு மணிக்கு."

சோன்கா அந்த ஊர் வழக்கப்படி தலையை இடமும் வலமும் ஆட்டினாள், சரி என்று. "அப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலமே புள்ளைங்க ரெண்டு பேரு குளிர்ச் சட்டையையும் கீழ கொண்டாந்து வச்சிடு. விடியக்காலையில படியில தடதடன்னு ஓடி என் தூக்கத்தக் கெடுக்காத."